குதிக்காதே என்றார்

கையைத் தூக்கிட்டு நில்லு எப்சி, குதிக்காத, பிள்ளைங்களுக்கு நம்பிக்கை வரணும், என்று சொல்லிவிட்டு மகுடபதி சார் விசிலை வாயில் வைத்துக்கொண்டார், நானும் கூடைப்பந்துக் கம்பத்தில் கூடைக்கு அடியில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிறேன். வெயில் இறங்கிவிட்டது, ஆனாலும் சிமெண்டுத் தரை சூட்டை விடவில்லை, ஷூவுக்கு அடியிலிருந்து மெதுவாக ஏறி இடது முட்டிவரை வந்து அங்கேயே தங்கிவிடுகிறது. சூடு முட்டிக்கு நல்லதுதான். நல்லதுதானா? இந்த வருஷம் பூராவும் இப்படி நல்லதுதான் நல்லதுதான் என்று சொல்லிச் சொல்லியே ஓட்டியிருக்கிறேன். முதல் ஐந்து பேரில் நீ வேண்டாம் என்றார்கள், நல்லதுதான், ஓய்வு கிடைக்கும். இரண்டாம் பாதியில் பார்க்கலாம் என்றார்கள், நல்லதுதான், எதிராளி களைத்திருப்பாள். பிறகு பார்க்கலாம் என்று சொல்வதையும் விட்டுவிட்டார்கள், அதற்கு நல்லதுதான் என்று எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சனிக்கிழமை அரையிறுதி. வடக்கேயிருந்து வருகிற அணியில் பத்தொன்பது வயதில் ஒருத்தி இருக்கிறாளாம், என்னைவிட ஒரு விரற்கடை கூட. அவளைத் தாண்டிப் பந்து போடப் பழக வேண்டும், பழகுவதற்கு அவளைப் போல ஒருத்தி வேண்டும், ஆறடி எட்டங்குலத்தில் வேறு யார் இருக்கிறார்கள் இந்த ஊரில், ஆகையால் இன்றைக்கு நான் அவள். சனிக்கிழமை யாராகவும் இல்லை. அதையும் சார் சொல்லிவிட்டார், தண்ணீர் குடிக்க விட்ட நேரத்தில், என்னைப் பார்க்காமல் குழாயைப் பார்த்துச் சொன்னார், சனிக்கிழமை நீ பெஞ்ச்லயே இரும்மா, அதுக்கப்புறம் ஆபீஸ்ல பேசி மரியாதையா ஒரு ஏற்பாடு பண்ணிரலாம். மரியாதையாக என்றால் எனக்குத் தெரியும். சால்வை போர்த்துவார்கள், சால்வை என் முழங்கைவரைதான் வரும், எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிக்க வேண்டும்.

தமயந்தி வருகிறாள். தர்மபுரிப் பக்கத்துப் பெண், ஆறடி ஒன்று, எனக்குப் பதிலாக முதல் ஐந்தில் இறங்குகிறவள். இரண்டு தட்டு, ஒரு எட்டு, பந்து என் விரல்களுக்கு மேலே போய்க் கூடையில் விழுகிறது, எல்லோரும் கை தட்டுகிறார்கள். அடுத்து கேப்டன் தில்ஷாத், அவளும் போடுகிறாள், கை தட்டுகிறார்கள். மறுபடி தமயந்தி. போடட்டும், நன்றாகத்தான் போடுகிறாள், மணிக்கட்டு அழகு. ஆனால் அவள் கண் என்மேல் படவே இல்லை. அதுதான் என்னை அரிக்கிறது. முதல் முறையும் படவில்லை, இப்போதும் படவில்லை, என்னைத் தாண்டிக் கூடையின் வளையத்தை மட்டும் பார்க்கிறாள், தெருவில் நிற்கிற விளக்குக் கம்பத்தை யாராவது பார்ப்பார்களா, சுற்றிக்கொண்டு போவார்கள், அவ்வளவுதான். நான் வருவதற்கு முன்னால் இந்த அணியில் உயரமான எதிராளிக்குப் பதிலாக ஒட்டடைக் கம்பைத்தான் பிடிப்பார்களாம், மைதானத்தைக் கூட்டுகிறவர் நுனியில் துடைப்பத்தோடு அதைத் தூக்கிப் பிடித்து நிற்பார், பெண்கள் அதைத் தாண்டிப் பந்து எறிவார்கள். நான் வந்த அன்றைக்குக் கம்பை ஸ்டோர் ரூமில் போட்டுவிட்டு, இனிமே இது வேண்டாம், எதிராளிங்க நமக்குக் கம்பு பிடிக்கட்டும், என்று சார் சொன்னார். அன்றைக்கு எனக்குப் பதினெட்டு வயது. அந்த ஒரு வார்த்தைக்காக எவ்வளவு ஓடியிருக்கிறேன். தாயும் தகப்பனும் சொல்லாத வார்த்தை அது. இப்போதும் அந்தக் கம்பு குதிக்காது. நானும் குதிக்கக் கூடாது.

ஒரு ஊரில் ஒரு நெட்டச்சி இருந்தாளாம். என் கதையை எனக்கே நான் இப்படித்தான் சொல்லிக்கொள்வேன், பஸ்ஸில் போகும்போதும், ஆபீஸில் பேசாமல் இருக்கும்போதும். அந்த நெட்டச்சிக்கு ஓர் அம்மா இருந்தாளாம், சாத்தான்குளத்துப் பக்கம், மகள் வளர வளர அவளுக்குத் தூக்கம் போச்சாம். ஏட்டி, போதும்ட்டி, நின்னுக்கோட்டி, என்பாள், ஏதோ நான் ஓடிக்கொண்டிருக்கிற மாதிரி. பாவாடையின் மடிப்பைப் பிரித்துப் பிரித்து மடிப்பே தீர்ந்துபோனது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஜெப விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டாள். எங்கள் பாதிரியார் ஐயரும் பாவம், வந்ததை அப்படியே வாசித்தார், ஒரு சகோதரியின் மகளுடைய வளர்ச்சி நிற்கும்படியாய் ஜெபிப்போம், என்று. பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் என்ன இருக்கிறது, சபை மொத்தமும் ஒரே சமயத்தில் திரும்பிப் பார்த்தது. எனக்குப் பதிமூன்று வயது. எல்லோரும் கண்ணை மூடி, தலையைக் குனிந்து, நான் வளரக்கூடாது என்று ஆண்டவரைக் கேட்டுக்கொண்டார்கள், அத்தனை பேர் சேர்ந்து ஒரே குரலில், என் கூடப் படிக்கிறவள்கூட. நானும் கண்ணை மூடினேன். நிறுத்தாதேயும் என்று கேட்டேன். வேறொன்றும் கேட்கத் தோன்றவில்லை. அதற்குப் பிறகு இன்னும் ஏழு அங்குலம் வளர்ந்தேன், யாருடைய மனு கேட்கப்பட்டது என்று ஊருக்கே தெரிந்தது. அம்மா அதற்குப் பிறகு அந்த விஷயமாக ஆண்டவரிடம் ஒன்றும் பேசவில்லை. அப்பா ஒன்றுமே சொல்ல மாட்டார். அவரும் உயரம், மினி பஸ்ஸில் கண்டக்டர், காலையிலிருந்து இருட்டும்வரை அந்தத் தாழ்ந்த கூரைக்குக் கீழே கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு டிக்கெட் கிழிப்பார். வீட்டுக்கு வந்தாலும் கழுத்து நிமிராது. முற்றத்தில், வானத்துக்குக் கீழே, தலைக்குமேல் ஒன்றுமே இல்லாத இடத்தில் சாய்ந்தபடியே நின்று பல் விளக்குவார். அதைப் பார்க்க எனக்குக் கோபமாக வரும், யார்மேல் என்று தெரியாது, பஸ்காரன்மேலா, அப்பாமேலா, கூரை போட்டவன்மேலா.

விசில். சார் கையைத் தட்டி, கடைசிப் பந்து, என்கிறார். எங்கள் அணியில் இது ஒரு வழக்கம், சாரே கொண்டுவந்தது. பயிற்சி முடியும் நேரத்தில் கடைசிப் பந்து என்று சொல்லிவிட்டால் அது கூடைக்குள் விழுந்த பிறகுதான் யாரும் ஷூ கழற்றலாம், தவறினால் அடுத்தவள், அவளும் தவறினால் அதற்கடுத்தவள், விழாத பந்தோட வீட்டுக்குப் போகக் கூடாது என்பார். மழையில் ஒருமுறை முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறோம். சாதாரணமாக முதல் வீச்சிலேயே விழுந்துவிடும், பெண்கள் கொத்தாகச் சிரித்துக்கொண்டு பைகளைப் பார்த்து ஓடுவார்கள். பந்து தமயந்தியிடம் போகிறது. அவள் வருகிறாள், அதே இரண்டு தட்டு, அதே எட்டு, அதே பார்க்காத கண், நான் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன், நிற்கப் போகிறேன் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக அப்படித்தான், ஆனால் பந்து அவள் விரலை விட்டுக் கிளம்பிய சத்தம் கேட்டதும் என் கால் தரையை விட்டுவிட்டது. உள்ளங்கையில் தோல் பந்தின் சொரசொரப்பு. எத்தனை நாளாயிற்று. பந்து கோட்டைத் தாண்டி, வேப்பமரத்தைத் தாண்டி, சைக்கிள் ஸ்டாண்டுக்குள் போய் விழுந்தது. அங்கே ஏதோ ஒரு சைக்கிள் சாய்ந்தது, அதைத் தொட்டு இன்னொன்று. யாரும் கை தட்டவில்லை. தமயந்தி இப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள். அக்கா, குதிக்க மாட்டீங்கன்னு சொன்னாங்களே, என்றாள். யாரு? சார்தான். அப்ப நீ அவரைத் தாண்டிப் போடு, என்றேன்.

சார் கிட்டே வருகிறார், சத்தம் போடுவார் என்று நினைத்தால் குரலைத் தாழ்த்துகிறார், அவர் குரல் தாழ்ந்தால்தான் பயம். என்னம்மா இது, சொன்னது காதுல விழுகலியா? விழுந்துச்சு சார். அப்புறம்? அந்த வடக்கத்திப் பொண்ணு குதிப்பா சார். அது சனிக்கிழமை குதிக்கட்டும், இன்னிக்கு இவளுக்கு நாலு பந்து விழுகணும், விழுந்தாத்தான் ராத்திரி தூங்குவா. தூங்கட்டும் சார், பந்து விழுந்தா நானும்தான் போய்த் தூங்கப் போறேன். எப்சி, உன் முட்டிக்கு நான் பதில் சொல்ல முடியாது. என் முட்டி உங்களை ஒண்ணும் கேக்கலியே சார். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்து அடக்கிக்கொண்டாள். சார் என் முட்டியைப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை, அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன், ஆபரேஷன் முடிந்து நான் கண் விழித்தபோது பிளாஸ்கில் ரசம் சாதம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவர்தான். அன்றைக்கிலிருந்தே அவர் என்னைப் பார்க்கும்போது முட்டியைத்தான் பார்க்கிறார். அடுத்தவ வா, என்று விசிலடித்தார். தில்ஷாத் வந்தாள், அவள் குள்ளம், கெட்டிக்காரி, பின்னால் சாய்ந்து எறிவாள். எறிந்தாள். தட்டினேன். அடுத்தவள், தட்டினேன். அதற்கடுத்தவள் நான் கிட்டப் போனதுமே அவசரப்பட்டு எறிந்தாள், பந்து வளையத்தைக்கூடத் தொடவில்லை. முட்டிக்குள் ஒரு நரம்பு விண் விண் என்று சொல்கிறது. சொல்லட்டும். மைதானத்துக்கு வெளியே ரோட்டில் பஸ்களுக்கு விளக்குப் போட்டுவிட்டார்கள்.

எதற்காக இப்படிச் செய்கிறேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. பந்து விழட்டுமே. இந்தப் பெண்கள் எனக்கு என்ன கெடுதல் செய்தார்கள். விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்க்கிறேன், விழுந்தால் ஷூ கழற்றுவார்கள், சனிக்கிழமை வரும், நான் உட்கார்ந்திருப்பேன், திங்கட்கிழமை ஆபீஸ். வேலை போகாது, விளையாட்டுக் கோட்டாவில் வந்தவளுக்கு மேஜை உண்டு, நாற்காலி உண்டு, மேஜைக்கு அடியில் என் கால் நுழையாது என்பது வேறு விஷயம். அங்கே என்னைத் தேடி வருகிறவர்கள் எதற்கு வருவார்கள் என்று எனக்குத் தெரியும். மேடம், பீரோ மேல இருக்கிற அந்தக் கட்டு. மேடம், டியூப்லைட்டு ஒண்ணு மினுக்கு மினுக்குங்குது. உங்களுக்கு ஸ்டூலே வேண்டாமே மேடம், கொடுத்து வச்சவங்க. எடுத்துக் கொடுப்பேன், மாட்டிக் கொடுப்பேன், இத்தனை வருஷமும் அது உறைத்ததில்லை, ஏனென்றால் சாயங்காலம் மைதானம் இருந்தது. சாயங்காலம் மைதானம் இல்லாவிட்டால் நான் யார்? அந்தக் கேள்விதான் முட்டியைவிட வலிக்கிறது. இந்த உயரத்துக்கு ஒரு வேலை இருந்தது. வேலையை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது ஸ்டூல். அதற்காகவா சபை மொத்தத்தையும் எதிர்த்து ஒற்றை ஆளாக ஜெபித்தேன். ஒரு போட்டியில் எதிர் அணிக்காரர்கள் இவள் பெண்ணே இல்லை என்று புகார் கொடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், இன்னும் என்னென்னவோ பார்த்தார்கள், அந்த அறையின் குளிர் இன்னும் என் முதுகில் இருக்கிறது, கடைசியில் பெண்தான் என்று முடிவு வந்தது. யாரும் வந்து மன்னிப்புக் கேட்கவில்லை. சரி, இப்ப ஆடலாம், என்றார்கள். ஆடினேன். புகார் கொடுத்தவளின் தலைக்கு மேலேயே பந்தைப் போட்டுப் போட்டு அவளை அழ வைத்தேன், அதற்காக இன்றுவரை வருத்தப்பட்டதில்லை. ஏர்போர்ட்டில் சோதனை வரிசையில் ஜென்ட்ஸ் அந்தப் பக்கம் என்பார்கள், நான் நகர மாட்டேன், அவர்களாக நிமிர்ந்து பார்த்து, நாக்கைக் கடித்துக்கொள்ளும்வரை அப்படியே நிற்பேன்.

அக்கா, என்கிறாள் தில்ஷாத், இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு, ஹாஸ்டல்ல இன்னிக்கு முட்டைக் குழம்பு, லேட்டாப் போனா குழம்புதான் இருக்கும், முட்டை இருக்காது. போட்டுட்டுப் போ, யார் வேண்டாங்குறா, என்கிறேன். எங்க போடுறது, உங்க தலைக்கு மேல இனி நிலாதான் இருக்கு. சிரிக்கிறார்கள். எனக்கும் சிரிப்பு வருகிறது, ஆனால் கையை இறக்கவில்லை. கையை இறக்காதே. சின்ன வயதிலிருந்து எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடமே இது ஒன்றுதான், பந்து வந்தால் மேலேயே வைத்துக்கொள், கீழே கொண்டுவராதே, தரையில் தட்டாதே, அது குள்ளமானவர்கள் வேலை. ஒரே ஒரு வருஷம் தாய்லாந்தில் ஒரு கிளப்புக்காக ஆடக் கூப்பிட்டார்கள், அங்கே இருந்த பயிற்சியாளர் அம்மா என் விலா உயரம், அவர் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவருக்குத் தெரியாது. பந்தை என் கையில் கொடுத்துத் தரையைக் காட்டினார். தட்டினேன், பிடுங்கிக்கொண்டு போனார்கள். மறுபடி தரையைக் காட்டினார். அந்தச் சின்னப் பெண்கள் என் இடுப்புக்குக் கீழே நுழைந்து நுழைந்து பிடுங்கினார்கள், நான் அறைக்கு வந்து, கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காலுக்குப் பெட்டியை முட்டுக் கொடுத்துவிட்டு அழுவேன். பிறகு ஒருநாள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பந்து என் கையை விட்டுப் போகவே இல்லை, ஓடி, தட்டி, திரும்பி, நானே போட்டேன். யாரும் கை தட்டவில்லை. அந்த அம்மா திரும்பவும் தரையைக் காட்டினார். என்னை யாரும் இதைவிடப் பெரிதாக மதித்ததில்லை. ஊருக்குத் திரும்பி வந்து முதல் நாள் பயிற்சியில் நான் பந்தைத் தரையில் தட்டியதும் மகுடபதி சார் விசிலடித்தார், அது உன் வேலை இல்லம்மா, நீ கூடைக்கிட்ட நின்னாப் போதும். நின்றேன். அப்போதே குதித்திருக்க வேண்டும்.

எப்சி, வெளிய வா, என்கிறார் சார். இப்போது குரல் தாழவில்லை. இருட்டுது, பிள்ளைங்க போகணும், நீ வெளிய வந்தா ஒரே பந்துல முடிஞ்சிரும். நான் நகரவில்லை. நகர்ந்தால் முடிந்துவிடும் என்பது உண்மைதான், ரொம்பச் சுலபமாக முடிந்துவிடும், அதனால்தான் நகரவில்லை. சரி, நீயே ஒண்ணு போட்டுட்டு வந்துரும்மா, நீ போட்டாலும் கணக்குத்தான், என்று பந்தை என் பக்கம் உருட்டுகிறார். பந்து என் காலடியில் வந்து நிற்கிறது. கைக்கெட்டும் தூரத்தில் வளையம். கண்ணை மூடிக்கொண்டு போடலாம். எல்லோரும் முட்டை சாப்பிடப் போகலாம். பந்தைக் குனிந்து எடுத்துத் தமயந்தியிடம் எறிகிறேன், கொஞ்சம் பலமாகவே. நான் போட்டா நான்தான் சார் ஜெயிப்பேன், இவ போடட்டும், நான் வழி விட மாட்டேன். தமயந்தி பந்தைப் பிடித்துக்கொண்டு சாரைப் பார்த்தாள். சார் விசில் அடிக்கவில்லை. பிறகு அவள் என்னைப் பார்த்தாள். வளையத்தைப் பார்க்கவே இல்லை, என் கண்ணை, என் தோளை, என் இடது முட்டியைப் பார்த்தாள். பார்க்கட்டும். அதற்குத்தான் ஆட்டம். இரண்டு தட்டு தட்டவில்லை, ஒன்றுதான், நின்றாள், பந்தைத் தூக்கினாள், தோள் எழும்பியது, கண் எழும்பியது, நான் குதித்துவிட்டேன், குதித்து உச்சிக்குப் போன பிறகுதான் பார்க்கிறேன், பந்து அவள் கையிலேயே இருக்கிறது. அவள் எறியவில்லை. கீழே, என் இடது பக்கமாக, வலிக்கிற முட்டிப் பக்கமாகவே, ஒரு தட்டு தட்டி, என் கைக்கு அடியில் நுழைந்து, நான் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும்போதே பந்தைப் பலகையில் சாய்த்து உள்ளே போட்டுவிட்டாள். வலைக்குள் அது இறங்குகிற சத்தம் கேட்டது. இறங்கும்போது முட்டி மடங்கியது, உட்கார்ந்துவிட்டேன், தரை இன்னும் சுடுகிறது.

இதற்குத்தானே பயந்தேன். வந்துவிட்டது. ஏமாந்துவிட்டேன், எல்லோர் எதிரிலும், எனக்குப் பதிலாக வந்தவளிடம், வலிக்கிற பக்கமாகவே. கொஞ்சம் காத்திருந்து பார்த்தேன், உள்ளே ஏதாவது உடைகிறதா என்று. ஒன்றும் உடையவில்லை. இன்னொரு தடவை வா என்று சொல்ல வேண்டும்போல் வாய் துருதுருவென்று இருந்தது, அவ்வளவுதான், அடுத்த முறை அந்தத் தோளை நம்ப மாட்டேன் என்று மனசு அதற்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. தமயந்தி ஓடி வந்து கையை நீட்டினாள், சாரிக்கா, முட்டின்னு தெரிஞ்சுதான்… என்று இழுத்தாள். சாரி சொன்னின்னா நாளைக்குப் பந்தை உன் மூஞ்சியிலேயே தட்டுவேன், என்றேன். அவள் சிரிப்பை அடக்க முடியாமல் தலையைத் திருப்பிக்கொண்டாள். கையைப் பிடித்து எழுந்தேன். முட்டி தாங்கியது. வலித்தது, தாங்கியது. மற்றவர்கள் பைகளை நோக்கி ஓடுகிறார்கள், தில்ஷாத் முட்டை முட்டை என்று கத்திக்கொண்டு முன்னால் போகிறாள். சார் மட்டும் நின்றிருக்கிறார், விசிலின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டும் பிரித்துக்கொண்டும். சனிக்கிழமை முதல் அஞ்சுல தமயந்திதான், அதுல மாத்தமில்ல, என்றார். இருக்கட்டும் சார், போடத் தெரிஞ்சவ. நீ பெஞ்ச்லதாம்மா. பெஞ்ச்ல உக்கார மாட்டேன் சார், டிரஸ் பண்ணி, ஷூ கட்டி, கோட்டுக்கு ஓரத்துல நிப்பேன், நீங்க கூப்பிடுற வரைக்கும். நான் கூப்பிடலன்னா? நின்னுட்டே இருப்பேன். முழு ஆட்டமும் நிப்பியா? நிப்பேன் சார். அவர் என் முட்டியைப் பார்க்கவில்லை, தலையை நன்றாக அண்ணாந்து என் முகத்தைப் பார்த்தார். பின்னாடி கேலரியில ஜனம் உக்காந்திருக்கும் எப்சி, அவங்களுக்கு மறைக்குமே, என்றார். மறைக்கட்டும் சார், என்றேன்.